ஓரங்குலச் சிப்பாயும் வடசென்னைப் போர்க்களமும்

மதராஸ் படைச் சிப்பாய் ஒருவரின் தலைப்பாகைக்கு என்ன நிறம் தீட்டுவது? கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். உருவத்தின் உயரமே 28 மில்லிமீட்டர். வெள்ளீயக் கலவையில் வார்த்தது. தலைப்பாகை மிளகு அளவுக்குச் சற்று மேலே இருக்கும். ஆனால் அந்தச் சிப்பாய் எந்த ஆண்டில் நிற்கிறார், எந்தப் பட்டாளத்துக்காரர், அப்போது எந்தத் தளபதியின் உத்தரவு நடப்பில் இருந்தது என்பதெல்லாம் தெரியாமல் தூரிகையை வண்ணத்தில் தோய்க்க முடியாது. 1806இல் வேலூர்க் கோட்டையில் ரத்தம் ஓடியதற்கு உடனடிக் காரணங்களில் ஒன்று இந்தத் தலைப்பாகை.

சரித்திரகாலப் போர்வீரர்களின் சிற்றுருவங்களைச் சேர்த்து, வண்ணம் தீட்டி, மேசைமேல் விதிகளோடு போர் நடத்துவது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல்லாயிரம் பேர் ஈடுபடும் பொழுதுபோக்கு. நம் ஊரில் இதைப் பொம்மை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவார்கள். நான் இதை ஓர் ஆய்வு முறையாகவே எடுத்துக்கொள்கிறேன். சரித்திர நூல்கள் ‘சிப்பாய்கள் முன்னேறினார்கள்’ என்று ஒரே வரியில் கடந்துபோகும் மனிதர்களைக் கால் செருப்பிலிருந்து தலைப்பாகைவரை ஒவ்வொருவராகப் பார்க்கச் சொல்கிறது இந்த வேலை. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ உட்கார்ந்து இதைச் செய்பவருக்குக் கூடுதலாக ஒரு வாய்ப்பும் உண்டு. போர் நடந்த தரை பேருந்தில் போகும் தூரத்தில் இருக்கிறது.

விளையாட்டின் வம்சாவளி இந்தியாவில் தொடங்குகிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு படைப் பிரிவுகளைக் கட்டத்தில் நிறுத்திய சதுரங்கம் பாரசீகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்ற ஆசிரியர் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு மலை, சதுப்பு, ஆறு என்று நில வகைகளைக் கொடுத்தார். ஜார்ஜ் லியோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் 1812இல் நிலத்தோற்றத்தையே மேசைமேல் அமைத்துப் பிரஷ்ய அரசரிடம் காட்டினார். அவர் மகன் 1824இல் அதை வரைபடத்துக்கு மாற்றி, பகடையும் நடுவரும் சேர்த்து, ராணுவ அதிகாரிகளின் பயிற்சியாக்கினார். போரில் எல்லாம் தளபதி நினைத்தபடி நடக்காது என்பதை ஒரு விதியாகவே எழுதிவைத்தது அந்தப் பகடைதான்.

வீட்டுக் கூடத்துக்கு இது வந்தது ஈயப் பொம்மைகளின் வழியாக. 1893இல் லண்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே கூடான ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கியது. உருகிய கலவையை அச்சில் ஊற்றியதும் அச்சை ஒட்டிய பகுதி முதலில் இறுகும். அந்தக் கணத்தில் மீதியை வெளியே கவிழ்த்துவிடுவார்கள். ஈயம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. திட உருவங்களை விற்றுவந்த ஜெர்மானியப் போட்டியாளர்களால் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. எச். ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ என்ற விதிப் புத்தகம் இந்த வீரர்களையும், சுருள்வில் விசையில் மரக்குண்டு எறியும் குட்டிப் பீரங்கியையும் நம்பி எழுதப்பட்டதுதான்.

அந்த வீரர்கள் அடைபட்டு வந்த சிவப்பு அட்டைப் பெட்டிகளில் நம்மவர்களும் இருந்தார்கள். பிரிட்டன் நிறுவனத்தின் ஆரம்பகாலப் பட்டியலில் மதராஸ் குதிரைப்படைக்கு ஒரு பெட்டி; மதராஸ் காலாட்படைக்கு இன்னொன்று. வட ஆற்காட்டிலும் திருச்சியிலும் ஆள்சேர்ப்பில் எடுக்கப்பட்டவர்களின் பேரர் காலத்தில், அவர்களது உருவம் 54 மில்லிமீட்டர் அளவில் இங்கிலாந்துக் குழந்தைகளின் தரைவிரிப்பில் அணிவகுத்தது. எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே பழுப்பு நிறம், மீசைக்கு ஓர் இழுப்பு. தொழிற்சாலைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போயும் வண்ணம் தீட்டிக் கொடுத்த காலம் அது. அவர்களில் யாரும் மதராஸைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இன்று நமக்குக் கிடைக்கும் சிற்றுருவங்களின் செதுக்கு வேலை பல மடங்கு நுட்பமானது. ஆனாலும் முகத்துக்கு எந்தப் பழுப்பு என்ற கேள்விக்கு அயல்நாட்டு வண்ணப் புட்டியின் பெயர்ச்சீட்டு பதில் சொல்லாது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் காலை ஏலம் நடக்கும்போது அரை மணி நேரம் நின்றால் எத்தனை விதமான தோல் நிறங்கள் வெயிலில் எப்படி எப்படி மாறுகின்றன என்பது விளங்கிவிடும். ஒரு கம்பெனிக்கு இருபது உருவங்கள் என்றால் குறைந்தது ஐந்து வகைத் தோல் நிறமாவது நான் கலப்பேன்.

வேலை இப்படி நடக்கும். முதலில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஓடும் கோட்டைச் சிறிய அரத்தால் ராவ வேண்டும். துப்பாக்கிக்கும் தோளுக்கும் நடுவே அந்தக் கோடு ஒளிந்துகொள்ளும்; விட்டுவிட்டால் வண்ணம் ஏறியபின் தழும்பாகத் தெரியும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, பிரைமர் அடிக்க வேண்டும். கடலோரத்தில் இருப்பவருக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ராயபுரத்துக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு ஸ்பிரே பிரைமர் பொடிப்பொடியாகப் பூத்து, உருவத்தின் முகமே மணல் ஒட்டியதுபோல் ஆகிவிடும். மழைக்காலத்தில் பிரைமரையும் தூரிகையால் மெல்லிய இரண்டு பூச்சாகக் கொடுப்பதே உத்தமம். சித்திரை வெயிலில் நேரெதிர்: அக்ரிலிக் வண்ணம் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும். ஈரத் துணியின்மேல் பேக்கிங் தாள் விரித்து அதில் வண்ணம் கலந்தால் ஒரு மாலைப்பொழுது தாங்கும்.

அடிநிறம் முடிந்ததும் நீர்த்த கருஞ்சாயத்தை ஓடவிடுவது ‘வாஷ்’. மடிப்புகளில் அது தேங்கி நிழலாகிவிடும். மேட்டுப் பகுதிகளுக்கு மறுபடி வெளிர்நிறம் ஏற்ற வேண்டும். சிவப்புக் கோட்டுக்கு வெளிச்சம் கொடுக்க வெள்ளையைக் கலந்தால் ரோஜா நிறமாகிவிடும். ஆரஞ்சைக் கலக்க வேண்டும். வெயிலில் வெளுத்த செஞ்சாயத் துணி எப்படி இருக்கும் என்று கொடியில் காயும் பழைய சேலையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

பழைய ஈய உருவங்களைச் சேர்ப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மர அலமாரியிலிருந்து, குறிப்பாகப் புது மரத்திலிருந்து, கசியும் அமில ஆவி ஈயத்தோடு வினைபுரியும். ஈரக் காற்று அதை விரைவுபடுத்தும். வண்ணத்துக்கு அடியில் வெள்ளைத் தூள் பூத்து, ஒருநாள் குதிரையின் கால் தானே உதிரும். எண்ணூர், ராயபுரம் போன்ற கடற்கரைப் பகுதிகளில் கண்ணாடி அல்லது உலோகப் பெட்டியும், உள்ளே சிலிகா ஜெல் பொட்டலமும் கட்டாயம். கையைக் கழுவாமல் சாப்பிடக்கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டவும் விடக்கூடாது. ஈயம் நஞ்சு. பிரிட்டன் நிறுவனம் 1966இல் ஈய வீரர்களை வார்ப்பதை நிறுத்தியதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

தலைப்பாகைக்கு வருவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாயின் உடை இடுப்புக்கு மேலே ஐரோப்பியம், கீழே இந்தியம். மேலே சிவப்புக் கோட்டு. பட்டாளத்தைப் பொறுத்து அதன் கழுத்துப்பட்டிக்கும் கைமடிப்புக்கும் மஞ்சளோ பச்சையோ வேறு நிறமோ. கீழே முழங்காலுக்கு மேலேயே முடிந்துவிடும் வெள்ளை அரைக்கால்சட்டை, அதன் விளிம்பில் நீல முக்கோணக் கரை. வெறுங்கால் அல்லது செருப்பு. நெற்றியில் நாமமோ திருநீறோ, காதில் கடுக்கன், இஷ்டப்படி தாடி மீசை. இந்த நெற்றியையும் காதையும் தாடியையும்தான் மதராஸ் படைத் தளபதி சர் ஜான் க்ரடாக்கின் புதிய ஒழுங்குமுறை தொட்டது. அணிவகுப்பில் சமயக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவில் வெட்ட வேண்டும். கூடவே தொப்பிச் சாயலில் ஒரு புதிய தலைப்பாகை. அதில் தோலால் ஆன சின்னம். மாட்டுத்தோலா பன்றித்தோலா என்ற பேச்சு பாளையங்களில் பரவிற்று. மார்பில் தொங்கவிட வேண்டிய துப்பாக்கித் திருப்புளி சிலுவைபோல் இருந்ததும் சந்தேகத்தைக் கூட்டியது.

1806 மே மாதம் வேலூரில் நான்காம் பட்டாளத்தின் இரண்டாம் பிரிவினர் அந்தத் தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். இருபத்தொரு பேர்மீது ராணுவ விசாரணை நடந்தது. ஓர் இந்து, ஒரு முஸ்லிம் என இருவருக்குத் தலைக்குத் 900 கசையடி. மற்றவர்களுக்கு 500 விதித்து, மன்னிப்புக் கேட்டபின் விட்டார்கள். ஜூலை 10 அதிகாலையில் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் மாண்டார்கள். கோட்டைக்குள் திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்த பின்னர் நடந்த பழிவாங்கலில் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். புதிய தலைப்பாகை திரும்பப் பெறப்பட்டது. க்ரடாக்கும் கவர்னர் பெண்டிங்க்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். கோட்டைக்குள் அடைபட்டிருந்த திப்புவின் குடும்பமும் பாளையக்காரர் போர்களின் கசப்பும் இதில் சேர்ந்திருந்தன என்பது சரியே. ஆனால் படை முழுவதையும் ஒரே புள்ளியில் கோபப்படுத்தியது உடை. இதை நான் நூல்களில் பல தடவை வாசித்திருந்தும், 1805இல் நிறுத்த வேண்டிய சிப்பாயின் நெற்றியில் ஒரு முடி தடிமனுக்கு வெண்கோடு இழுத்து, 1806இல் நிறுத்த வேண்டியவரின் நெற்றியை வெறுமையாக விட்டபோதுதான் அந்த உத்தரவு எதைப் பறித்தது என்று கண்ணுக்குத் தெரிந்தது.

இந்த நிறங்களை எங்கிருந்து எடுப்பது? டபிள்யூ. ஜே. வில்சன் தொகுத்த மதராஸ் படை வரலாற்று நூல்கள் 1880களில் வந்தவை. உடை உத்தரவுகள் அவற்றில் சிதறிக் கிடக்கின்றன. உத்தரவு என்பது அதிகாரி விரும்பியது. சிப்பாய் உண்மையில் உடுத்தியதைப் பார்க்கத் தஞ்சாவூர், வேலூர் ஓவியர்களிடம்தான் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிப்பாயையும் மனைவியையும் ஜோடியாக நிறுத்தி ஐரோப்பியருக்கு விற்ற ஓவியங்கள் ஏராளம். 1830களில் பணியாற்றிய வேலூர் எல்லப்பா அந்த மரபுக்காரர். வேலை செய்துகொண்டிருக்கும் தன்னையே அவர் வரைந்த படமும் உண்டு. அந்த ஓவியங்களில் கோட்டின் பித்தளைப் பொத்தான் வரிசையும் மனைவியின் சேலைக் கரையும் ஒரே கவனத்தோடு வரையப்பட்டிருக்கின்றன. ஐரோப்பியச் சீருடைப் படங்களில் மனைவி கிடையாது.

எதிர்ப்பக்கத்துச் சாட்சியம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்த காட்சி. நடுவில் சதுரமாக நெருங்கி நிற்கும் செங்கோட்டுக்காரர்கள், வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, சூழ்ந்துவரும் குதிரைகள். மைசூர்ப் படைக்கு வண்ணம் தீட்டுகிற எவரும் இந்தச் சுவரைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. எழும்பூர் அருங்காட்சியகத்தையும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தையும் சேர்த்தால் துணியும் ஆயுதமும் நேரில் காணக் கிடைக்கும். தமிழில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னப்பட்டணத்தைப் பிடித்ததிலிருந்து புதுச்சேரியின் வீழ்ச்சி நெருங்கும்வரை நடந்தவற்றைத் தமிழ்க் காதால் கேட்டு எழுதிய பதிவு. இப்படி ஒரு மூலத்தை அருகில் வைத்துக்கொண்டு, நம் போர்களின் மேசை விதிகளை வெளியூர்க்காரர் எழுதும்வரை காத்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கை வேலைக்கும் நமக்குப் பஞ்சமில்லை. திருவொற்றியூரில் 1955 முதல் இயங்கிய என்ஃபீல்டு தொழிற்சாலையில் புல்லட் வண்டியின் பெட்ரோல் டேங்கில் பொன்னிறக் கோட்டைக் கையாலேயே இழுத்தார்கள். நீண்ட மயிர்த் தூரிகை, வளைந்த உலோகம், ஒரே மூச்சில் ஒரு கோடு. சிற்றுருவத்தின் குறுக்குவார் பட்டையை வரைபவருக்கு வேண்டியதும் அதே மூச்சுக்கட்டுதான். அதே திருவொற்றியூரில் 1946இல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். அந்த நிறுவனம் பின்னாளில் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து 1987இல் ஃபன்ஸ்கூலைத் தொடங்கிற்று. தொண்ணூறுகளின் பிள்ளைகள் கையில் வைத்திருந்த, மூட்டுகள் அசையும் ஜி.ஐ. ஜோ வீரர்கள் அங்கிருந்து வந்தவர்கள். இந்தியப் பதிப்பில் உடை நிறங்கள் அமெரிக்கப் பதிப்பிலிருந்து மாறுபட்டதால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் அவற்றைத் தேடுகிறார்கள். கொலுவையும் சொல்ல வேண்டும். பண்ருட்டியிலும் விளாச்சேரியிலும் கொசப்பேட்டையிலும் மண்ணையும் காகிதக்கூழையும் அச்சில் அழுத்தி, உலர்த்தி, கண் திறக்கும் கைகள் வரிசையாகச் சிற்றுருவங்களைச் செய்வதில் பல தலைமுறைப் பழக்கம் உள்ளவை. செட்டியாரும் பானை வியாபாரியும் கல்யாண ஊர்வலமும் அச்சில் உண்டு. 1758இன் முற்றுகைக்கு ஓர் அச்சு எடுக்கச் சொல்லி யாரும் அவர்களிடம் போனதில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த முற்றுகைதான் வடசென்னையின் சொந்தப் போர். 1758 டிசம்பர் 14 அன்று லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த கறுப்பர் நகரத்துக்குள் புகுந்தது. அன்றே கர்னல் டிரேப்பர் கோட்டையிலிருந்து வெளிவந்து தெருக்களில் மோதித் திரும்பினார். வடக்கிலிருந்து, கடலோரமாக, பதுங்குகுழிகள் கோட்டையை நோக்கி நெளிந்து வந்தன. ஜனவரி தொடக்கத்தில் பீரங்கிகள் வாய்திறந்தன. உள்ளே கவர்னர் பிகட்டும் படைத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸும். வெளியே பரங்கிமலைப் பக்கத்தில் யூசுப் கான், அதாவது மருதநாயகம், தன் ஆட்களோடு பிரெஞ்சுக்காரரின் உணவு வழிகளை அறுத்துக்கொண்டிருந்தார். பிப்ரவரி 16 அன்று ஆங்கிலக் கப்பல்கள் வந்து நின்றன. அன்றிரவே லாலி பின்வாங்கினார்.

இந்தப் போரின் தடங்கள்மேல்தான் நாம் தினமும் நடக்கிறோம். எதிரி மறைந்துகொள்ள இடம் கொடுத்ததென்று கோட்டையை ஒட்டிய பழைய நகரத்தை இடித்து வெட்டவெளியாக்கினார்கள். அந்த வெளியில் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாதென்று 1773இல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் வாசலில் இன்னும் நிற்கிறது. வடக்கே தள்ளி எழுந்த புதிய நகரத்துக்கு ஹைதரின் பயத்தில் கட்டிய மதிலின் ஒரு துண்டு, ராயபுரத்தின் தெற்கு விளிம்பில் பழைய ஜெயில் ரோட்டை ஒட்டி, மாடிப் பூங்கா என்ற பெயரில் பிழைத்திருக்கிறது. செங்கல்லின் நிறத்தையும் சுவரின் சரிவையும் அங்கே போய்ப் பார்த்துவிட்டுத் தெர்மாகோலில் வெட்டலாம்.

மேசையமைப்பில் ஒரு கணக்கு உண்டு. 28 மில்லிமீட்டர் உருவம் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. அதே அளவில் நிலத்தையும் அமைத்தால் ஒரு கிலோமீட்டருக்குப் பதினேழு மீட்டர் மேசை வேண்டும். ஆகவே நிலத்துக்கு ஆயிரத்தில் ஒன்று, ஆளுக்கு அறுபதில் ஒன்று என இரண்டு அளவுகள் ஒரே மேசையில் ஒத்துப்போக வேண்டும். ஓர் உருவம் இருபது, முப்பது பேரைக் குறிக்கும். பாரிமுனையிலிருந்து கோட்டையின் வடக்குச் சுவர்வரை இப்படி ஒரு சாப்பாட்டு மேசையில் அடங்கிவிடும்.

உருவங்களில் எல்லாரையும் ஒரே சிவப்பில் நிறுத்தக் கூடாது. பட்டாளங்களாகத் திரட்டுவதே அந்த முற்றுகையையொட்டித்தான் நடக்கத் தொடங்கியிருந்தது. யூசுப் கானின் ஆட்களில் பெரும்பாலோர் சொந்த வேட்டியிலும் சொந்தத் தலைக்கட்டிலும் இருந்திருப்பார்கள் என்று கொள்வதே பொருத்தம். கடைகளின் பட்டியலில் நான் இதுவரை பார்க்காத உருவம் ஒன்றும் வேண்டும்: கட்டுமரக்காரர். நிலவழி அடைபட்டபின் கோட்டைக்கும் வெளியுலகுக்கும் கடிதம் கொண்டுபோனது இந்தக் கரையின் கட்டுமரங்கள்தான். செம்புக் கம்பியில் எலும்பு முறுக்கி, எம்-சீலை அரைமணிக்குள் அழுத்திச் செதுக்கினால் துடுப்புப் போடும் மனிதர் ஒருவரைச் செய்துவிடலாம். கட்டைகளுக்கு ஐஸ்குச்சியை அரத்தால் உருட்டினால் போதும். விதி இப்படி இருக்கலாம்: ஒவ்வொரு சுற்றிலும் கோட்டைக்காரர் ஒரு கட்டுமரத்தை அலைக்குள் இறக்கிப் பகடை உருட்டுகிறார். ஒன்று விழுந்தால் அலை கவிழ்த்துவிட்டது. இரண்டும் மூன்றும் விழுந்தால் கடிதம் அடுத்த சுற்றுவரை கடலிலேயே. நான்கோ அதற்கு மேலோ விழுந்து கடிதம் கரை சேர்ந்தால்தான் பரங்கிமலையில் காத்திருக்கும் யூசுப் கானின் குதிரைகள் நகரலாம்.